கோத்தகிரி மரப்பட்டறை ஒன்று மின்கருவிகள் வாங்கிய விதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

கோத்தகிரிக்கு அருகே இயங்கும் ஒரு சிறிய மரப்பட்டறை, ஓராண்டுக் காலத்தில் தன் மின்கருவிகளைப் படிப்படியாக மாற்றிக்கொண்ட விதம் இங்கே பதிவு செய்யப்படுகிறது. உரிமையாளர் தம் வரவு செலவுக் கணக்கையும் பழுதுக் குறிப்பேட்டையும் பார்க்க அனுமதித்தார். தம் பெயரும் பட்டறையின் பெயரும் வெளிவர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கருவி வாங்குவது பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை, சர்வீஸ் சென்டர் பக்கத்துத் தெருவில் இருக்கும் நகரத்துப் பட்டறைகளுக்கே பொருந்துகின்றன. மழையில் சாலை அடைபடும், மாலையில் மின்னழுத்தம் இறங்கும், மரம் ஈரத்தோடு வந்து சேரும் ஓர் ஊரில் அதே கேள்விக்கு வேறு விடை கிடைக்கிறது என்பதால் இந்த நிகழ்வை விரிவாக எழுதி வைப்பது பயன்தரும் என்று கருதினேன்.

பின்னணி

உரிமையாளர் நாற்பதை நெருங்குபவர். தந்தையிடம் தொழில் கற்றவர். பட்டறையில் அவருடைய தாய்மாமனான மூத்த ஆசாரி ஒருவரும் இளைஞர்கள் இருவரும் வேலை செய்கிறார்கள். ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களில் கட்டப்படும் வீடுகளுக்கான நிலை, கதவு, ஜன்னல் ஆகியவையே நெடுங்காலமாக முதன்மை வேலை. அண்மை ஆண்டுகளில் ஹோம்ஸ்டேக்களும் காட்டேஜ்களும் பெருகியதால் கட்டில், அலமாரி, சமையலறை மரவேலை ஆகியவையும் சேர்ந்துகொண்டன.

மரத்தில் பெரும்பகுதி தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்படும் சில்வர் ஓக். 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி பெற்ற பிறகே மரத்தை வெட்ட முடியும் என்பதால், அனுமதி கிடைத்து வெட்டியவுடன் தோட்டக்காரர்கள் மொத்தமாக விற்றுவிடுகிறார்கள். பட்டறைக்கு அது ஒரே நேரத்தில், பாதி காய்ந்த நிலையில் வந்து சேர்கிறது. கூடலூர்ப் பக்கத்துத் தேக்கும், சமவெளியிலிருந்து வரும் பிளைவுட்டும் இதற்கு அடுத்த நிலையில் பயன்படுகின்றன.

கருவிகள் என்று அப்போது இருந்தவை ஒரு மார்பிள் கட்டர், மரத்தை இழைக்கும் விலை மலிவான பிளேனர் ஒன்று, டிரில் இரண்டு, ஆசாரி தம் சொந்தப் பணத்தில் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஹிட்டாச்சி பிளேனர் ஆகியவை. கல் அறுக்கும் கட்டரில் மர பிளேடைப் பொருத்தி அறுப்பது தமிழ்நாட்டின் பல பட்டறைகளில் காணப்படும் பழக்கம். அது பழக்கமாகிவிட்டதாலேயே அதன் ஆபத்து கண்ணில் படுவதில்லை. அந்தக் கட்டர் நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. மரத்துக்கென்றே செய்யப்பட்ட 185 மி.மீ. சர்க்குலர் சா 5,000 சுற்றுகளை ஒட்டியே சுழலும்; அதன் பிளேடை மூடும் உறையும் அறுப்பு முடிந்தவுடன் தானே இறங்கிவிடும். கட்டரில் அத்தகைய உறை இல்லை.

டிசம்பரில் ஒரு காட்டேஜ் உரிமையாளர் பெரிய ஆர்டர் ஒன்றைக் கொடுத்தார். ஏப்ரல் சீசனுக்கு முன் ஜன்னல்களும் அலமாரிகளும் முடிய வேண்டும் என்பது நிபந்தனை. வேலை தொடங்கிய சில நாள்களிலேயே மலிவு பிளேனரின் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் சுருள்) எரிந்தது. அதே வாரத்தில், நீளவாக்கில் அறுத்துக்கொண்டிருந்த சில்வர் ஓக் பலகை நடுவில் இறுகிப் பிளேடைக் கவ்வியதால் கட்டர் பின்னோக்கித் துள்ளி இளைஞர் ஒருவரின் தொடையை உரசிச் சென்றது. தடித்த கால்சட்டை கிழிந்ததோடு போயிற்று. இனி இந்தக் கருவிகளோடு ஓட்ட முடியாது என்று உரிமையாளர் முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

வாங்கும் முன் கவனித்தவை

உடனே கோயம்புத்தூருக்குப் போய்ப் பெரிய கம்பெனிக் கருவிகளை அள்ளிக்கொண்டு வருவதே அவருடைய முதல் எண்ணம். அதை ஒத்திப்போடச் சொன்னவர் ஆசாரி. எரிந்தது ஏன் என்று தெரியாமல் வாங்கினால் புதியதும் எரியும் என்பது அவர் வாதம். அதனால் ஜனவரி முழுவதும் ஒரு நோட்டில், எந்தக் கருவி எப்போது நின்றது, அப்போது என்ன வேலை நடந்தது, எவ்வளவு நேரம் வீணானது என்பவற்றை எழுதி வந்தார்கள். இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளில் மிகச் சிறந்தது இதுதான் என்பது என் மதிப்பீடு. செலவில்லாத இந்த ஒரு வேலை, பின்னால் நடந்த எல்லாச் செலவையும் நெறிப்படுத்தியது.

நோட்டில் முதலில் தெரிய வந்தது மின்சாரம். கருவிகள் சூடேறி நின்றதெல்லாம் பெரும்பாலும் மாலை ஆறு மணிக்குப் பிறகு. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது பகலில் 225 வோல்ட்டைத் தொட்டு நின்ற அழுத்தம், சுற்றியுள்ள விடுதிகளில் கீசர்களும் ஹீட்டர்களும் ஓடத் தொடங்கும் நேரத்தில் 190 வரை இறங்கியது. அழுத்தம் 230லிருந்து 190க்கு வந்தால் மோட்டாரின் திறன் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். வேலை செய்பவர் அதை உணராமல் கருவியை மேலும் அழுத்துவார், வேகம் குறைந்த மோட்டாருக்குள் காற்றோட்டமும் குறையும், சுருள் எரியும். இதோடு, மெயின் போர்டிலிருந்து 1 சதுர மி.மீ. வயரில் 30 மீட்டர் நீள எக்ஸ்டென்ஷன் ஒன்றும் இழுக்கப்பட்டிருந்தது. 8 ஆம்பியர் இழுக்கும் கருவிக்கு அந்த வயரிலேயே சுமார் 8 வோல்ட் கரைந்துபோகும். அதே நீளத்துக்கு 2.5 சதுர மி.மீ. வயர் என்றால் இழப்பு 3 வோல்ட் சொச்சத்தில் நின்றுவிடும்.

இரண்டாவது, பிளேடுகள். எரிந்துபோன பிளேனரின் பிளேடை ஆசாரி கழற்றி நகத்தின் மேல் வைத்துக் காட்டினார். கூர் இருந்தால் நகத்தில் பற்றி நிற்கும். அது வழுக்கிக்கொண்டு போனது. விளிம்பில் பல் பல்லாகச் சில்லுகள் தெரிந்தன. பழைய ஆணி பாய்ந்த மரத்தை இழைத்ததன் விளைவு. மொட்டையான பிளேடு, தளர்ந்த மின்சாரம், அழுத்தும் கை என்று மூன்றும் சேர்ந்தால் எந்த நிறுவனத்தின் மோட்டாரும் தாங்காது.

மூன்றாவது, யாரும் எதிர்பாராதது. வீணான நேரத்தில் பெரும்பங்கு பழுதால் போகவில்லை; திருத்த வேலையால் போயிருந்தது. கையால் பிடித்து அறுத்த சட்டங்கள் ஒன்றுக்கொன்று தடிமன் மாறின, மூலைமட்டம் பொருந்தவில்லை, ஜன்னல் கதவுகளை மறுபடி மறுபடி இழைத்து நிலையில் பொருத்த வேண்டியிருந்தது. ஆகவே தேவை அதிக வாட்ஸ் உள்ள கருவி அன்று, ஒரே அளவைத் திரும்பத் திரும்பத் தரும் கருவி என்பது தெளிவாயிற்று.

எடுக்கப்பட்ட முடிவுகளும் காரணங்களும்

முதல் செலவு கருவிக்கு அன்று, வயரிங்குக்குப் போயிற்று. போர்டிலிருந்து கனமான கேபிள், பெரிய கருவிகளுக்குத் தனி இணைப்பு, முறையான எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஆகியவை போடப்பட்டன. தரை எப்போதும் ஈரம் கசியும் மலைப் பட்டறையில் இந்தக் கடைசிப் பொருளைத் தவிர்ப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. அழுத்தக் குறைவு பற்றி மின்வாரியத்தில் எழுத்து மூலம் மனு கொடுக்கப்பட்டது. பணியாளர்கள் வந்து பார்த்து இணைப்பை வேறு ஃபேஸுக்கு மாற்றிய பின் மாலை அழுத்தம் 210ஐ ஒட்டி நின்றது. மேலும், நீளவாக்கில் அறுப்பதும் தடித்த இழைப்பும் காலை வேலை, உப்புத்தாளால் தேய்க்கும் சாண்டிங்கும் பொருத்துவதும் மாலை வேலை என்று நேரமும் பிரிக்கப்பட்டது.

அடுத்து வந்தது இந்த நிகழ்வின் முக்கியமான கருத்து வேறுபாடு. அறுப்பது, இழைப்பது, துளையிடுவது, காடி எடுப்பது என எல்லாவற்றையும் ஒரே மேசையில் செய்யும் கம்பைன் மெஷின் ஒன்றை உரிமையாளர் பார்த்து வந்திருந்தார். தனித்தனிக் கருவிகளுக்கு ஆகும் செலவில் பாதிக்குச் சற்று மேல்தான் அதன் விலை. ஆசாரி ஒப்புக்கொள்ளவில்லை. “தம்பி, ஒருத்தன் இழைக்கிறப்ப மத்தவன் கையக் கட்டிக்கிட்டு நிக்கணுமா? அது நின்னா பட்டறையே நின்னுபோகும்” என்றார். “இடம் பத்தாதே மாமா” என்பது உரிமையாளரின் பதில். இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. ஒருவர் மட்டும் வேலை செய்யும் இடத்தில் கம்பைன் மெஷின் நல்ல தேர்வாகவே இருக்கக்கூடும். நால்வர் உழைக்கும் பட்டறையில், ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போதெல்லாம் அளவைப் புதிதாக அமைக்க வேண்டியிருக்கும். நோட்டு காட்டிய குறை எதுவோ அதையே அது வளர்க்கும். கம்பைன் மெஷின் கைவிடப்பட்டது.

வாங்குவதற்கென்று தேர்ந்தவை, வேலை எங்கே தடைபட்டதோ அந்த வரிசையில் அமைந்தன. சீரான அகலத்தில் அறுக்க, பிளேடுக்குப் பின்னால் ரைவிங் நைஃப் என்ற தகடு நிற்கும் 10 அங்குல டேபிள் சா. அறுத்த தடம் இறுகும்போது இந்தத் தகடு மரத்தைப் பிளேடின் மேல் சாயவிடாமல் தடுக்கிறது. சில்வர் ஓக் போன்று உள்ளிறுக்கம் கொண்ட, முழுதும் காயாத மரத்தை அறுப்பவர்களுக்கு இது உயிர்க் காப்பு. சீரான தடிமனுக்கு ஒரு திக்னஸ் பிளேனர். கட்டருக்கு மாற்றாக 185 மி.மீ. சர்க்குலர் சா, அதை நேர்கோட்டில் ஓட்ட அலுமினியச் சட்டம். விளிம்பு வேலைக்குச் சிறிய டிரிம்மர். தோட்டங்களுக்குள் மின்சாரம் எட்டாத காட்டேஜ்களில் பொருத்தும் வேலைக்கு 18 வோல்ட் பேட்டரி டிரில்லும் ஸ்க்ரூ முடுக்கும் கருவியும். இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே பேட்டரியில் இயங்குபவை. சாண்டர் ஒன்று. வளைவாக அறுக்கும் ஜிக்சா ஒன்றும் பட்டியலின் கடைசியில் ஏறியது. ஆசாரியின் பழைய ஹிட்டாச்சி பிளேனரை மாற்றவில்லை. அந்த நிறுவனத்தின் கருவிகள் 2018 முதல் ஹைகோக்கி என்ற பெயரில் வருகின்றன என்பது தெரிந்ததும் அதற்கான கார்பன் பிரஷ் தேடுவது எளிதாயிற்று.

கோயம்புத்தூரில் டீலர்களிடம் பேசும்போது உரிமையாளர் விலையைக் கடைசியில்தான் கேட்டார். முதலில் கேட்டது, இந்த மாடலுக்கு ஆர்மேச்சர், சுவிட்ச், கார்பன் பிரஷ் இப்போது கையிருப்பில் உள்ளனவா, எடுத்துக் காட்ட முடியுமா என்பது. ஒரு கடையில் தயங்கினார்கள். இன்னொரு கடையில் அலமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்கள். கருவியின் தரம் என்பது அது வாங்கப்படும் நாளில் பாதிதான் தெரியும். மீதிப் பாதி அந்த அலமாரியில் இருக்கிறது. சில்வர் ஓக் பலகை ஒன்றையும் கையோடு கொண்டுபோயிருந்தார். டேபிள் சாவில் ஒரு மீட்டர் நீளம் அறுத்து, இரு முனைகளிலும் அகலத்தை வெர்னியர் காலிப்பரில் அளந்தார். ஒரு மாடலில் முனைக்கு முனை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு வந்தது. மரத்தை நேராகச் செலுத்த மேசைமேல் நிற்கும் வேலி என்ற சட்டத்தை இறுக்கும்போது அது நகர்வதே காரணம். விலை அதிகமாயினும் வேலி நகராத மாடலே வாங்கப்பட்டது.

பில் இல்லாமல் எடுத்தால் விலை குறையும் என்ற பேச்சும் வந்தது. மின்கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு. பட்டறை, சிறு தொழில்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில், விற்பனையில் 1 விழுக்காடு வரி செலுத்தி வருவதால், கருவிக்குக் கட்டும் வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெற வழியில்லை. ஆகவே அந்த 18 விழுக்காடும் முழுச் செலவுதான். ஆசை எழுவது இயல்பு. ஆனாலும் பில்லோடுதான் வாங்கினார். வாரண்டிக்கு வரிசை எண் எழுதிய பில் வேண்டும். வங்கிக் கடனுக்கும் அதே பில் வேண்டும். முத்ரா திட்டத்தின் கிஷோர் பிரிவில், 50,000 ரூபாய்க்கு மேல் 5 லட்சம் வரையிலான கடனுக்கு, பிணையின்றி விண்ணப்பித்திருந்தார்; வங்கி விலைப்புள்ளியைப் பெற்றுக்கொண்டு தொகையை நேரடியாக டீலருக்கே அனுப்பியது. மொத்தச் செலவு, வயரிங் உட்பட, இரண்டரை லட்சத்தை ஒட்டி அமைந்தது.

பின்னர் நடந்தவை

கருவிகள் வந்த பிறகு காட்டேஜ் ஆர்டரின் மீதி, சொன்ன நாளுக்குச் சற்றுப் பிந்தியேனும் சீசனுக்குள் முடிந்தது. சட்டங்கள் ஒரே தடிமனில் வந்ததால் திருத்த வேலை பெருமளவு குறைந்தது. சட்டங்களைக் கோக்கும் முனைகளான கழுந்துகளை ஆசாரி இன்னும் உளியால்தான் சரிபார்க்கிறார். ஆனால் அவருடைய நேரம் பிறர் தவற்றைச் சீர்செய்வதில் கழியாமல் அவருடைய கைக்கே உரிய வேலையில் செலவாகிறது. அந்த வயதில், அந்தத் திறமைக்கு இது நியாயமான மாற்றம்.

சறுக்கல்களும் நேர்ந்தன. மே மாதத்தில் இளைஞர் ஒருவர் டிரிம்மரில் கதவு விளிம்பை உருட்டிக்கொண்டிருந்தபோது பிட் மெல்ல வெளியே இறங்கி மரத்தில் ஆழமாகக் கோடு கிழித்துவிட்டது. கழற்றிப் பார்த்ததில், கருவியில் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் காலட் கால் அங்குல அளவினதாக இருந்தது. பிட்டின் தண்டு 6 மி.மீ. கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. கையில் பிடித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இறுக்கும்போதும் இறுகியதுபோலத் தோன்றும். சந்தையில் இரண்டு அளவும் கலந்தே விற்கப்படுகின்றன. அன்று முதல் 6 மி.மீ. பிட்டுகளின் தண்டில் சிவப்பு வண்ணம் பூசி, அதற்குரிய காலட்டோடு தனி டப்பாவில் வைக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய இழப்பு மரத்தின் ஈரத்தால் வந்தது. திக்னஸ் பிளேனரில் மிகத் துல்லியமாக இழைத்துப் பூட்டிய அலமாரிக் கதவுகள் சில இரண்டு மாதத்தில் சுருங்கி இடைவெளி காட்டின. ஈரம் பார்க்கும் மீட்டரை இரவல் வாங்கி அதே குவியலின் மீதிப் பலகைகளில் குத்திப் பார்த்தபோது 22 விழுக்காடு காட்டியது. காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காடு இருக்கும் மலைக் காலநிலையில்கூட மரம் 16 விழுக்காட்டை ஒட்டித்தான் நிலைகொள்ளும். ஹீட்டர் போடும் விடுதி அறைக்குள் இன்னும் கீழே இறங்கும். எவ்வளவு நல்ல பிளேனரும் காயாத மரத்தைக் காய்ந்த மரமாக்கிவிடாது. கதவுகளைச் செலவில்லாமல் மாற்றிக்கொடுத்தார்கள்.

ஜூனுக்குப் பிறகு பனிமூட்டம் பட்டறைக்குள் நுழையத் தொடங்கியதும் டேபிள் சாவின் சரிவு மாற்றும் திருகிலும் பிளேனரின் மேசையிலும் துரு படர்ந்தது. முதலில் பிளாஸ்டிக் தாளால் மூடினார்கள். தாளுக்கு அடியில் ஈரம் கோத்து நிலைமை மோசமாயிற்று. பிறகு மேசைகளில் மெழுகு தேய்த்துப் பருத்தித் துணியால் மூடும் வழக்கம் வந்தது. பேட்டரிகளை இரவில் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள். கடுங்குளிரில் சார்ஜ் போடுவது லித்தியம் பேட்டரிக்குக் கேடு.

நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வலுத்தபோது மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து சில நாள் போக்குவரத்து நின்றது. 2009 நவம்பரின் நிலச்சரிவுகளைக் கண்ட மாவட்டத்துக்கு இது புதிதன்று. அந்த நேரத்தில்தான் டேபிள் சாவின் சுவிட்ச், உள்ளே தூள் அடைத்து, வேலை செய்யாமல் நின்றது. சாலை திறந்த பின் கோயம்புத்தூருக்கு அனுப்பி, சரியாகித் திரும்ப இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை சர்க்குலர் சாவையும் அலுமினியச் சட்டத்தையும் வைத்து அறுப்பு நடந்தது. வேகம் குறைந்தது, வேலை நிற்கவில்லை. கம்பைன் மெஷினைப் பற்றி ஆசாரி அன்று சொன்னதை உரிமையாளர் அப்போது முழுமையாக ஏற்றுக்கொண்டார்.

ஒரு செய்தி மட்டும் இன்னும் முழுதாகச் சீராகவில்லை. டேபிள் சாவின் பிளேடு உறையை, பார்வையை மறைக்கிறது என்று சொல்லி இளைஞர்கள் கழற்றி வைத்துவிடுகிறார்கள். உறை இல்லாமல் சுவிட்சைத் தொடக்கூடாது என்று உரிமையாளர் விதித்திருக்கிறார். அவர் வெளியே போகும் நாள்களில் அது மீறப்படுகிறது. நல்ல கருவிக்குக் கொடுத்த கூடுதல் பணத்தில் ஒரு பகுதி அந்த உறைக்காகக் கொடுக்கப்பட்டது. அதைக் கழற்றி மூலையில் வைப்பது என்னை மிகவும் வருத்துகிறது.

மறுபடி வாங்குவதானால் மாறக்கூடியவை

ஆண்டு முடிவில் உரிமையாளரும் ஆசாரியும் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு பேசியபோது முதலில் வந்தது தூள் உறிஞ்சும் கருவி. கடனில் இடமில்லை என்று அதைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். குளிருக்காகக் கதவை அடைத்து வேலை செய்யும் பட்டறையில் தூள் வெளியேற வழியில்லை. சில்வர் ஓக் தூள் பட்டு இளைஞர் ஒருவருக்குக் கையில் அரிப்பு வந்தது. சுவிட்ச் நின்றதற்கும் தூளே காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்திருக்கிறது. ஜிக்சாவுக்கும் இரண்டாவது பேட்டரித் தொகுப்புக்கும் போன பணம் இதற்குப் போயிருக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இவ்வாண்டு ஜனவரியில் அது வாங்கப்பட்டுவிட்டது.

ஈர மீட்டர் பிளேனருக்கு முன் வாங்கப்பட்டிருக்க வேண்டும். அதன் விலை, மாற்றிக்கொடுத்த கதவுகளில் ஒன்றின் விலைகூட இல்லை.

கடன் விண்ணப்பத்தில் பிளேடுகளைச் சேர்க்கவில்லை. கருவியோடு வந்த ஒரே பிளேடால் எல்லாவற்றையும் அறுத்தார்கள். நீளவாக்கில் அறுக்க 24 பல், பிளைவுட்டுக்கும் குறுக்கறுப்புக்கும் 60 பல் எனத் தனித்தனியாக வாங்கியது ஜூலையில்தான். கார்பைடு முனைப் பிளேடுகளைச் சாணை பிடிக்கக் கீழே அனுப்ப வேண்டியிருப்பதால் ஒவ்வொன்றிலும் இரண்டு இருப்பது அவசியம். இப்போது அக்டோபர் பிறக்கும் முன் கார்பன் பிரஷ், பிளேனர் பிளேடு, டேபிள் சாவின் சுவிட்ச், பெல்ட் ஆகியவற்றில் ஒவ்வொரு செட் வாங்கிப் பூட்டி வைக்கிறார்கள்.

காடி எடுக்கும் பெரிய ரவுட்டர் ஒன்றும் மும்முனை இணைப்பும் வேண்டுமென்ற பேச்சு இருக்கிறது. டிரிம்மரால் ஒப்பேற்ற முடியாத காடி வேலை மாதத்துக்கு எத்தனை முறை வருகிறது என்று நோட்டில் எழுதி வருகிறார்கள். முத்ரா தவணைகள் முடியும் வரை இரண்டையும் வாங்குவதில்லை என்பது இப்போதைய முடிவு.